உரிமை மீறப்பட்டால் எங்கே போவது? சோசலிச அரசுகளும் மேலை அரசுகளும்

சீனாவையோ அமெரிக்காவையோ பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு வாதங்கள் மோதிக்கொள்கின்றன. ஒருவர் சீன அரசமைப்பின் 35ஆம் பிரிவை எடுத்துக் காட்டுவார். பேச்சு, பத்திரிகை, கூட்டம் கூடுதல், சங்கம் அமைத்தல், ஊர்வலம், ஆர்ப்பாட்டம் என எல்லாச் சுதந்திரமும் குடிமக்களுக்கு உண்டு என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. இன்னொருவர் அமெரிக்க அரசமைப்பைப் புரட்டிப் பார்க்கச் சொல்வார். கல்வி, மருத்துவம், வேலை ஆகியவற்றைப் பெறும் உரிமையைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

இரண்டும் உண்மை. ஆனால் சீனாவில் ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போகிறவர் சிறைக்குப் போகிறார். அமெரிக்காவிலோ கட்டணமில்லாத அரசுப் பள்ளிகள் எல்லா மாநிலங்களிலும் நடக்கின்றன. சீனாவில் ஏட்டில் இருப்பது நடப்பில் இல்லை. அமெரிக்காவில் நடப்பில் இருப்பது ஏட்டில் இல்லை. உரிமைப் பட்டியலை மட்டும் படித்து இரு தரப்பையும் ஒப்பிட முனைவதால்தான் இந்தக் குழப்பம். உரிமை எங்கிருந்து வருவதாக அரசு சொல்கிறது, அதோடு எந்தக் கடமை பிணைக்கப்பட்டிருக்கிறது, மீறப்பட்டால் குடிமகன் எங்கே போகலாம் என்ற மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்றாவதுதான் மற்ற இரண்டின் மதிப்பையும் தீர்மானிக்கிறது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில், சொற்கள்

"சோசலிச அரசு" என்று இந்தக் கட்டுரை சொல்வது 1917 ரஷ்யப் புரட்சியின் வழிவந்த அரசுகளை. ஒரே கட்சியின் ஆட்சி, நிலமும் ஆலைகளும் பெரும்பாலும் அரசின் கையில் என்பவை அவற்றின் அடையாளங்கள். சோவியத் ஒன்றியம், கிழக்கு ஜெர்மனி, போலந்து போன்றவை 1989க்கும் 1991க்கும் இடையில் மறைந்துவிட்டன. சீனா, வியட்நாம், கியூபா இன்றும் தங்களை அப்படியே அழைத்துக்கொள்கின்றன. தனியார் தொழில் சீனாவிலும் வியட்நாமிலும் பெருகிவிட்டாலும் ஒரு கட்சி ஆட்சி மாறவில்லை.

ஸ்வீடனும் டென்மார்க்கும் இந்த வகையில் சேரா. அங்கே பல கட்சித் தேர்தலும் தனியார் நிறுவனங்களும் உண்டு. அதிக வரி வாங்கி விரிவான நலத்திட்டங்களை நடத்துகிறார்கள். அதற்குப் பெயர் சமூக ஜனநாயகம். அதைச் சோசலிச அரசோடு சேர்த்துப் பேசும் விவாதம் தொடக்கத்திலேயே தடம் மாறிவிடுகிறது.

"மேலை அரசு" என்பது அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி போன்ற பல கட்சி ஜனநாயகங்களைக் குறிக்கிறது. இவற்றுக்குள்ளும் பெரிய வேறுபாடுகள் உண்டு, பின்னால் வரும்.

இரண்டு வகை உரிமைகள்

1. அரசை விலகி நிற்கச் சொல்பவை. என் பேச்சைத் தடுக்காதே, என் வீட்டில் காரணமின்றிச் சோதனை போடாதே, விசாரணையில்லாமல் என்னைச் சிறையில் அடைக்காதே என்பவை. இவற்றைக் குடிமை, அரசியல் உரிமைகள் என்பார்கள்.

2. அரசைச் செய்து தரச் சொல்பவை. வேலை, கல்வி, மருத்துவம், வீடு, முதுமையில் ஆதரவு. இவை பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள்.

1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தில் இரண்டு வகையும் ஒன்றாகவே இருக்கின்றன. 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் ஆறு வாக்குகள் சோவியத் ஒன்றியம், உக்ரைன், பெலாரஸ், போலந்து, செக்கோஸ்லோவாகியா, யூகோஸ்லாவியா ஆகியவற்றுடையவை. மற்ற இரண்டு, தென்னாப்பிரிக்காவும் சவூதி அரேபியாவும்.

பிரகடனத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக மாற்றும்போது பனிப்போர் குறுக்கே வந்தது. 1966இல் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு உடன்படிக்கைகள் பிறந்தன, ஒவ்வொரு வகை உரிமைக்கும் ஒன்றாக. அமெரிக்கா 1977இல் இரண்டிலும் கையெழுத்திட்டது. 1992இல் குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கைக்கு மட்டும் ஒப்புதல் தந்தது. மற்றதற்கு இன்றுவரை தரவில்லை. சீனா பொருளாதார, சமூக உரிமை உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டு 2001இல் ஒப்புதல் தந்தது. குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையில் 1998இல் கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டது.

இதைப் பார்த்து "அவர்கள் சோறு தருகிறார்கள், இவர்கள் சுதந்திரம் தருகிறார்கள்" என்று முடித்துவிடத் தோன்றும். அந்த முடிவு நிற்காது. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி இரண்டையும் ஏற்றுக்கொண்டவை. சோவியத் ஒன்றியமும் 1973இல் இரண்டுக்கும் ஒப்புதல் தந்தது. தந்த பிறகும் மாற்றுக் கருத்துக்காரர்களைக் கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே கையெழுத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உரிமை எங்கிருந்து வருகிறது?

1789 ஆகஸ்டில் பிரெஞ்சு தேசியப் பேரவை வெளியிட்ட பிரகடனம், மனிதர்கள் பிறக்கும்போதே சுதந்திரமானவர்கள், உரிமையில் சமமானவர்கள் என்கிறது. அரசு என்பது அந்த உரிமைகளைக் காக்க ஏற்பட்ட அமைப்பு. 1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க உரிமைச் சட்டத்தின் (அரசமைப்பில் சேர்த்த திருத்தங்களின் தொகுப்பு அது) முதல் திருத்தமோ குடிமகனைப் பார்த்துப் பேசுவதே இல்லை. பேச்சுரிமையைச் சுருக்கும் சட்டம் எதையும் இயற்றக் கூடாது என்று நாடாளுமன்றத்தைப் பார்த்துச் சொல்கிறது. உரிமை ஏற்கெனவே இருக்கிறது, நீ கை வைக்காதே என்பது அதன் தொனி.

கார்ல் மார்க்ஸ் இளம் வயதிலேயே இதை விமர்சித்தார். சமூகத்திலிருந்து பிரிந்து தன் சொத்துக்கு வேலி போட்டுக்கொள்ளும் தனிமனிதனின் உரிமைகளே இவை என்பது அவர் வாதம். பத்திரிகை நடத்தப் பணமில்லாதவனுக்குப் பத்திரிகைச் சுதந்திரத்தால் என்ன பயன் என்று பின்வந்த சோசலிஸ்டுகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி அது, அன்றும் இன்றும்.

ஆனால் அந்தக் கேள்விக்கு அவர்கள் கட்டிய விடை வேறு வகையானது. 1918 ஜூலையில் வந்த ரஷ்ய சோவியத் குடியரசின் முதல் அரசமைப்பு, உரிமையை உழைக்கும் வர்க்கத்துக்கே உரியதாக்கியது. லாபத்துக்காகக் கூலியாள் வைத்திருப்பவர், தனியார் வியாபாரி, மதகுரு, பழைய போலீஸ்காரர் ஆகியோருக்கு வாக்குரிமை இல்லை என்றது 65ஆம் பிரிவு. புரட்சிக்குக் கேடாகப் பயன்படுத்தினால் தனிநபரிடமிருந்தும் குழுக்களிடமிருந்தும் உரிமைகளைப் பறிக்கலாம் என்றது 23ஆம் பிரிவு. சோவியத்துகள் எனப்பட்ட மக்கள் பிரதிநிதி மன்றங்களின் மாநாட்டுக்கு நகரங்களில் 25,000 வாக்காளருக்கு ஒரு பிரதிநிதி. கிராமப்புற மாகாணங்களில் 1,25,000 மக்களுக்கு ஒருவர். பிறப்பால் வரும் உரிமை என்ற எண்ணமே இங்கே இல்லை. வரலாற்றில் நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதைப் பார்த்து அரசு தருவதே உரிமை.

"நலனுக்கு இணங்க" என்ற சொற்றொடர்

1936 டிசம்பரில் வந்த சோவியத் அரசமைப்பு வர்க்கப் பாகுபாட்டை நீக்கி எல்லோருக்கும் சம வாக்குரிமை தந்தது. வேலை (118), ஓய்வு (119), முதுமை ஆதரவு (120), கல்வி (121), பெண்களுக்குச் சமத்துவம் (122) என்று வரிசையாக உரிமைகளை எழுதியது. 125ஆம் பிரிவில் பேச்சு, பத்திரிகை, கூட்டம், ஊர்வலம் எல்லாம் வந்தன. ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்தில் ஒரு நிபந்தனை உட்கார்ந்திருந்தது: உழைக்கும் மக்களின் நலன்களுக்கு இணங்கவும் சோசலிச அமைப்பை வலுப்படுத்தும் பொருட்டும் இந்தச் சுதந்திரங்கள் உறுதி செய்யப்படுகின்றன.

அந்த நிபந்தனையை ஒரு தனிமனிதர் எப்படிச் சந்திப்பார்? ஓர் ஆலைத் தொழிலாளி, நிர்வாகம் தவறு செய்கிறது என்று துண்டறிக்கை அச்சிட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது உழைக்கும் மக்களின் நலனுக்கு இணங்கியதா இல்லையா என்று யார் சொல்வது? உழைக்கும் மக்களின் முன்னணிப் படை கம்யூனிஸ்ட் கட்சி என்று அடுத்த பிரிவே சொல்லிவிடுகிறது. கட்சியை விமர்சிக்கும் உரிமையின் எல்லையைக் கட்சியே வரைகிறது. 1977 அரசமைப்பு இதை இன்னும் இறுக்கியது. உரிமைகளைப் பயன்படுத்துவது சமுதாயத்துக்கோ அரசுக்கோ கேடு விளைவிக்கக் கூடாது என்றது 39ஆம் பிரிவு. கட்சியே சமுதாயத்தை வழிநடத்தும் சக்தி என்றது 6ஆம் பிரிவு. கியூபாவின் 1976 அரசமைப்பிலும் இதே அமைப்பைக் காணலாம். சீனாவின் இன்றைய அரசமைப்பில் 35ஆம் பிரிவைக் காட்டுபவர்கள் 51ஆம் பிரிவையும் சேர்த்துக் காட்டினால் நேர்மையாக இருக்கும். அரசின், சமுதாயத்தின், கூட்டுச் சமூகத்தின் நலன்களுக்குக் குந்தகம் விளைவிக்கக் கூடாது என்பது அது.

மேலை நாடுகளில் பேச்சுக்கு எல்லையே இல்லையா? உண்டு. 1950இன் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம் 10ஆம் பிரிவில் கருத்துரிமையைத் தந்துவிட்டு, உடனே தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பிறர் நற்பெயர் என்று கட்டுப்பாடுகளையும் அடுக்குகிறது. ஆனால் கட்டுப்பாடு சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும், ஒரு ஜனநாயகச் சமுதாயத்தில் அது அவசியம் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க வேண்டிய இடம் அரசின் சொல்லுக்குத் தலையாட்டாத ஒரு நீதிமன்றம். சுமை யார் தோளில் இருக்கிறது என்பதே வேறுபாடு.

அந்தச் சுமையை மேலை நீதிமன்றங்கள் எப்போதும் ஒழுங்காகச் சுமத்தியதாகவும் சொல்ல முடியாது. 1951இல் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 11 பேரின் தண்டனையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர்கள் குண்டு வைக்கவில்லை. ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும் என்ற கொள்கையைப் போதிக்கக் கூடினார்கள் என்பதே குற்றம். மேற்கு ஜெர்மனி 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியையே தடை செய்தது. அமெரிக்க நீதிமன்றம் 1957இல் தன் நிலையைத் தளர்த்தி, 1969இல்தான் உடனடி வன்முறையைத் தூண்டும் பேச்சை மட்டுமே தண்டிக்கலாம் என்ற இடத்துக்கு வந்தது. அந்த 18 ஆண்டுகளுக்குள் பலரின் வேலையும் வாழ்வும் போயின. ஆனால் தீர்ப்பைத் திருத்தும் வழி அந்த அமைப்புக்குள்ளேயே இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கடமை, உரிமைக்குக் கட்டும் விலையா?

மேலை நாடுகளில் உரிமை மட்டும்தான், கடமை கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். வரி கட்ட வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வி தர வேண்டும். அமெரிக்காவில் ஜூரியாக அழைத்தால் போக வேண்டும். பெல்ஜியத்தில் 1893 முதல் வாக்களிப்பதே சட்டக் கடமை. இத்தாலியின் 1948 அரசமைப்பு, 4ஆம் பிரிவில் வேலை செய்யும் உரிமையையும் சமுதாய முன்னேற்றத்துக்குப் பங்களிக்கும் கடமையையும் அருகருகே வைக்கிறது. ஜெர்மனியின் 1949 அடிப்படைச் சட்டமோ 14ஆம் பிரிவில், சொத்து வைத்திருப்பதே கடமையைக் கொண்டுவருகிறது, அதன் பயன் பொதுநலனுக்கும் உதவ வேண்டும் என்கிறது. கட்டாய ராணுவ சேவை அடிமைத்தனம் ஆகாதா என்ற வழக்கில், நாடு குடிமகனைக் காக்கிறது என்றால் குடிமகனும் நாட்டைக் காக்கக் கடமைப்பட்டவன் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1918 ஜனவரியில் சொன்னது. முதல் சோவியத் அரசமைப்பு வந்த அதே ஆண்டு.

எனவே வேறுபாடு கடமை உண்டா இல்லையா என்பதில் இல்லை. இரண்டு இடங்களில் இருக்கிறது.

1. கடமை தவறினால் என்ன போகும்? மேலைச் சட்டங்களில் பொதுவாக அந்தத் தவறுக்கு உரிய தண்டனையோடு விஷயம் முடிகிறது. வரி ஏய்த்தவர் அபராதம் கட்டுவார், சிறைக்கும் போவார். அதனால் அவருடைய பேச்சுரிமையோ வழிபாட்டுரிமையோ ரத்தாகாது. (அமெரிக்காவின் பல மாநிலங்களில் குற்றத் தண்டனை பெற்றவர் வாக்குரிமையை இழக்கிறார். தன் கொள்கையை அந்த நாடே மீறும் இடம் இது.) 1977 சோவியத் அரசமைப்பின் 59ஆம் பிரிவோ, உரிமைகளைப் பயன்படுத்துவது கடமைகளை நிறைவேற்றுவதிலிருந்து பிரிக்க முடியாதது என்று பொதுவிதியாகவே எழுதியது.

2. மனத்தையும் கேட்கும் கடமை உண்டா? 1943இல், உலகப் போரின் நடுவில், பள்ளிக் குழந்தைகள் கொடிக்கு வணக்கம் செலுத்தியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறுபான்மை மதப்பிரிவினர். மூன்றே ஆண்டுகளுக்கு முன் இதே நீதிமன்றம் நேர் எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1977 சோவியத் அரசமைப்போ அரசின் நலன்களைக் காப்பதையும் அதன் வலிமையையும் மதிப்பையும் வளர்ப்பதையும் 62ஆம் பிரிவில் குடிமகனின் கடமையாக்கியது. சீன அரசமைப்பும் தாய்நாட்டின் பாதுகாப்பு, கௌரவம், நலன் மூன்றையும் காக்கும் கடமையை 54ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. கௌரவத்தைக் காக்கும் கடமை சட்டமாகும் நாட்டில் விமர்சகர் எளிதில் குற்றவாளி ஆகிவிடுகிறார்.

வேலை என்ற ஒரே விஷயத்தில் உரிமையும் கடமையும் எப்படிப் பின்னிக்கொண்டன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். "உழைக்காதவன் உண்ணலாகாது" என்ற வாசகம் 1918, 1936 இரண்டு அரசமைப்புகளிலும் இருக்கிறது. (அது பைபிளில் பவுல் எழுதிய கடிதத்திலிருந்து வந்தது, மதத்தை மறுத்த அரசு அதைத் தன் சட்டத்தில் எழுதிக்கொண்டது.) வேலை உரிமை உண்மையாகவே நடைமுறைக்கு வந்தது. 1930இல் சோவியத் அரசு வேலையின்மை ஒழிந்தது என்று அறிவித்தது. மேலை உலகம் பொருளாதாரப் பெருமந்தத்தில் சிக்கி லட்சக்கணக்கானோர் தெருவில் நின்ற காலம் அது. இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் 1940 ஜூன் 26 ஆணை, அனுமதியில்லாமல் வேலையை விட்டுப் போவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வருவதும் நீதிமன்றம் வரை போகும் குற்றம். 118ஆம் பிரிவு தந்த வேலை உரிமை அப்போதும் அரசமைப்பில் அப்படியே இருந்தது. அந்த ஆணை 1956இல் போனது. 1961இல் "ஒட்டுண்ணி வாழ்க்கை"க்கு எதிரான ஆணை வந்தது. சமுதாயத்துக்குப் பயனுள்ள வேலை செய்யாதவரை 2 முதல் 5 ஆண்டுகள் வரை தொலைதூரத்துக்கு அனுப்பலாம். 1964இல் லெனின்கிராடில் இந்த ஆணையின் கீழ் நிறுத்தப்பட்டவர் கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கி, அப்போது வயது 23. ஆலையிலும் நிலவியல் பயணங்களிலும் அவர் வேலை பார்த்திருந்தார், கவிதை எழுதினார், மொழிபெயர்த்தார். அவரைக் கவிஞர் என்று அங்கீகரித்தது யார் என்று நீதிபதி கேட்டார். எழுத்தாளர் சங்க உறுப்பினர் அல்லாதவரின் எழுத்து வேலையாகக் கணக்கில் வரவில்லை. ஐந்தாண்டு தண்டனையாக வடக்கே ஆர்காங்கெல்ஸ்க் பகுதிக்கு அனுப்பப்பட்டார். எதிர்ப்புகள் எழுந்ததால் 1965இல் விடுவிக்கப்பட்டார். 1987இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சோவியத் குடிமகனாக இல்லை.

வேலை தருவது அரசு ஒன்றுதான் என்றால், எது வேலை என்று சொல்வதும் அரசுதான். வேலை உரிமை கடமையாக மாறும் நுட்பம் இதுவே.

மேலை நாடுகளிலும் உதவிக்கு வேலையை நிபந்தனையாக்கும் போக்கு உண்டு. அமெரிக்காவின் 1996 நலத்திட்டச் சீர்திருத்தம், ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவியை வேலையோடு இணைத்து, மத்திய நிதியிலிருந்து வாழ்நாளில் 60 மாதங்களுக்கு மேல் கிடையாது என்றது. ஜெர்மனியில் வேலை தேட ஒத்துழைக்காதவரின் உதவித்தொகையை 60 விழுக்காடும், பின்னர் முழுவதுமாகவும் வெட்டினார்கள். 2019 நவம்பரில் ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் இதைத் தடுத்தது. ஒத்துழைக்கும்படி அரசு கேட்கலாம், ஓரளவு குறைக்கவும் செய்யலாம். ஆனால் 30 விழுக்காட்டைத் தாண்டிய வெட்டு செல்லாது, ஏனென்றால் மனித மாண்பு என்பது நல்ல நடத்தைக்குக் கிடைக்கும் பரிசு இல்லை. நான் அறிந்தவரை, கடமை தவறியவருக்கும் உரிமை எஞ்சியிருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன தீர்ப்புகள் குறைவு.

மனுவா, வழக்கா?

இப்போது மையக் கேள்விக்கு வரலாம். சோசலிச அரசுகளில் குறை சொல்ல வழியே இல்லை என்பது தவறான எண்ணம். கிழக்கு ஜெர்மனியில் குடிமக்கள் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் மனு எழுதினார்கள். வீடு ஒதுக்கவில்லை, கூரை ஒழுகுகிறது, பயண அனுமதி வரவில்லை என்று கட்சித் தலைவருக்கே எழுதினார்கள். பல மனுக்களுக்குத் தீர்வும் கிடைத்தது. ஆனால் அதிகாரியின் முடிவை எதிர்த்து வழக்குப் போடும் நிர்வாக நீதிமன்றங்களை அந்த நாடு 1952இல் கலைத்துவிட்டது. மனு கொடுப்பவர் இரக்கத்தைக் கேட்கிறார். வழக்குப் போடுபவர் கணக்குக் கேட்கிறார். முதலாவதில் அதிகாரி மனம் வைத்தால் கிடைக்கும், இரண்டாவதில் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சோவியத் ஒன்றியத்தில் 1977 அரசமைப்பின் 58ஆம் பிரிவு, அதிகாரிகளின் சட்டவிரோதச் செயலுக்கு எதிராக நீதிமன்றம் போகலாம் என்றது, சட்டம் வகுக்கும் முறைப்படி. அந்தச் சட்டம் வகுக்கப்பட்டது 1987 ஜூனில். பத்தாண்டு காலம் உரிமை இருந்தது, போக வழியில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று தேட வேண்டாம்.

இந்த இடைவெளியை முதலில் குறிவைத்துத் தாக்கியவர் கணிதவியலாளர் அலெக்சாண்டர் யெசெனின்-வோல்பின். 1965 டிசம்பர் 5, சோவியத் அரசமைப்பு நாள். எழுத்தாளர்கள் சின்யாவ்ஸ்கி, டேனியல் இருவரும் வெளிநாட்டில் நூல் வெளியிட்டதற்காகக் கைதாகியிருந்தார்கள். மாஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் ஒரு சிறு கூட்டம் பதாகை விரித்தது. அதில் இருந்த கோரிக்கை "சோவியத் அரசமைப்பை மதியுங்கள்" என்பது. இன்னொன்று வெளிப்படையான விசாரணை. சில நிமிடங்களில் பதாகைகள் பறிக்கப்பட்டன, பலர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். தன் அரசமைப்பை மதிக்கச் சொன்னதையே எதிர்ப்பாக அரசு எடுத்துக்கொண்டது. அந்த எழுத்தாளர்களுக்கு அடுத்த ஆண்டு ஏழும் ஐந்தும் ஆண்டுகள் முகாம் தண்டனை. 1977இல் செக்கோஸ்லோவாகியாவில் "சாசனம் 77" குழுவினரும் இதே வழியில் நடந்தார்கள்: தங்கள் அரசே ஏற்று, சட்டத் தொகுப்பில் அச்சிட்ட இரண்டு ஐ.நா. உடன்படிக்கைகளையும் எடுத்து வைத்து, இதன்படி நடங்கள் என்றார்கள். 1980இல் போலந்தின் கதான்ஸ்க் கப்பல் தளத் தொழிலாளர்களின் 21 கோரிக்கைகளில் முதலாவது, போலந்து ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கைப்படி சுதந்திரமான தொழிற்சங்கம் வேண்டும் என்பது. தொழிலாளர் அரசிடம் தொழிலாளர்கள் அதைக் கேட்க வேண்டியிருந்தது. 1981 டிசம்பரில் ராணுவச் சட்டமே அரசின் பதிலாக வந்தது.

சீனாவில் ஒரு வழி திறந்து மூடியதையும் பார்க்கலாம். ஷான்டாங் மாகாணத்தில் ஒரு பெண், 1990இல் தொழிற்கல்வி நிலையத்துக்குத் தேர்வானார். சேர்க்கைக் கடிதம் அவர் கைக்கு வரவேயில்லை. வேறொரு பெண் அவர் பெயரிலேயே படித்து, அவர் பெயரிலேயே வேலையும் பார்த்தார். விஷயம் 1999இல்தான் தெரிந்தது. 2001இல் சீன உச்ச மக்கள் நீதிமன்றம், இது அரசமைப்பு தரும் கல்வி உரிமையை மீறியது, இழப்பீடு உண்டு என்று விளக்கம் தந்தது. அரசமைப்பை நேரடியாக வைத்து வழக்காடலாம் என்று சட்ட அறிஞர்கள் மகிழ்ந்தார்கள். 2008 டிசம்பரில் அந்த விளக்கத்தை நீதிமன்றம் திரும்பப் பெற்றது. 35ஆம் பிரிவை வைத்து யாரும் ஏன் வழக்குப் போடவில்லை என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது.

வழக்குப் போட இடமிருந்தும் கிடைக்காதவை

நீதிமன்றக் கதவு திறந்திருந்தாலும், உரிமை எழுதப்படாத இடத்தில் அந்தக் கதவால் பயனில்லை. அமெரிக்கா இதற்குச் சான்று. ஏழை மாவட்டப் பள்ளிகளுக்குக் குறைந்த நிதி கிடைப்பதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இல், கல்வி மத்திய அரசமைப்பின்படி அடிப்படை உரிமை அல்ல என்றது. 1989 வழக்கு இன்னும் வேதனையானது. தந்தை ஒரு சிறுவனை அடிக்கிறார் என்று சமூக நலத்துறைக்குத் தகவல்கள் வந்துகொண்டே இருந்தன. துறை அவனை மீட்கவில்லை. மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டது. தனிநபரின் வன்முறையிலிருந்து குடிமகனைக் காக்கும் கடமையை அரசமைப்பு அரசின் மீது சுமத்தவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலகி நிற்கச் சொல்லும் உரிமைகளை மட்டும் வைத்துக் கட்டிய அமைப்பு எங்கே போய் நிற்கும் என்பதை இது காட்டுகிறது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1944 ஜனவரியிலேயே வேலை, வீடு, மருத்துவம், கல்வி அடங்கிய இரண்டாவது உரிமைச் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்குச் சொன்னார். அது வரவேயில்லை.

சம உரிமையில் சோசலிச நாடுகள் முந்திய இடங்களும் உண்டு. ரஷ்யாவில் பெண்கள் 1917இல் வாக்குரிமை பெற்றார்கள், போல்ஷெவிக்குகளுக்கு (ரஷ்யக் கம்யூனிஸ்டுகளுக்கு) முந்தைய இடைக்கால ஆட்சியிலேயே. பிரான்சில் 1944இல், சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சித் தேர்தல்களில் 1971இல். மேற்கு ஜெர்மனியில் 1977 வரை, குடும்பக் கடமைக்கு இடையூறு இல்லாத அளவுக்கே மனைவி வேலைக்குப் போகலாம் என்று சட்டம் சொன்னது. அப்போது கிழக்கே பெண்கள் பொறியாளர்களாகவும் மருத்துவர்களாகவும் இருந்தார்கள், குழந்தைகளுக்குக் காப்பகம் இருந்தது.

ஆனால் அந்த நலன்களும் எல்லோருக்கும் சமமாகப் போகவில்லை. சோவியத் கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கு உள்நாட்டுப் பாஸ்போர்ட் 1974 ஆணைக்குப் பிறகுதான் கிடைக்கத் தொடங்கியது. அது இல்லாமல் நகரத்தில் குடியேற முடியாது. சீனாவின் 1958 குடிப்பதிவு முறை கிராமத்தாரையும் நகரத்தாரையும் பிரித்தது. பள்ளி, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் பதிவு எங்கே என்பதைப் பொறுத்தவை. 1954 சீன அரசமைப்பில் இருந்த குடியிருப்புச் சுதந்திரம் 1975இல் நீக்கப்பட்டது; 1975, 1978 அரசமைப்புகளில் இருந்த வேலைநிறுத்த உரிமை 1982இல் போனது.

ஜெர்மனி இரண்டையும் சேர்க்க முயன்ற நாடு. அதன் அடிப்படைச் சட்டத்தில் சோவியத் பாணியில் நீண்ட சமூக உரிமைப் பட்டியல் இல்லை. மனித மாண்பு மீற முடியாதது (1ஆம் பிரிவு), நாடு ஒரு சமூக நல அரசு (20ஆம் பிரிவு) என்ற இரண்டு வரிகளே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து வைத்து, மாண்புள்ள வாழ்வுக்கான குறைந்தபட்ச ஆதாரம் ஒவ்வொருவருக்கும் உரிமை, அதைக் கணக்கிடும் முறையை அரசு வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று 2010 பிப்ரவரியில் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீண்ட பட்டியல் இருந்தும் வழக்குப் போட நீதிமன்றமில்லாத நாடு தராததை, இரண்டு வரிகளும் ஒரு நீதிமன்றமும் தந்தன.

செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

1. இந்த உரிமையோடு எந்த நிபந்தனை ஒட்டியிருக்கிறது? அதற்குப் பொருள் சொல்வது யார்?
2. எந்தக் கடமையைத் தவறவிட்டால் இந்த உரிமை போகும்?
3. மறுக்கப்பட்டவர் வழக்குப் போடலாமா, மனு மட்டும்தானா? அரசு கடைசியாக எப்போது தோற்றது?
4. உரிமையைப் பயன்படுத்தப் பணம் வேண்டுமென்றால், இல்லாதவருக்கு என்ன ஏற்பாடு?
5. இது குடிமகனுக்கா, மனிதருக்கா? வியட்நாம் 2013இல் தன் அத்தியாயத் தலைப்பில் "மனித உரிமைகள்" என்பதைச் சேர்த்தது. நாட்டில் வசிக்கும் அயலாருக்கு இது சிறிய மாற்றம் இல்லை.

இரண்டு அமைப்பையும் பார்த்த ஒருவர்

சோவியத் ஒன்றியம் கலைந்தபின் மக்கள் ஒரே வாழ்நாளில் இரண்டு ஏற்பாட்டையும் கண்டார்கள். ரஷ்யாவின் 1993 அரசமைப்பு, உழைப்பு சுதந்திரமானது, கட்டாய உழைப்புக்குத் தடை என்றது. எவரும் நீதிமன்றம் போகலாம் என்றது. அதே ஆண்டுகளில் ஆலைகள் மூடின, சம்பளம் மாதக்கணக்கில் நின்றது. ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் ஏறத்தாழ 64. 1994இல் 58க்கும் கீழே.

அந்தக் காலத்தைச் சேர்ந்த ஒரு வழக்கு, இந்தக் கட்டுரை பேசிய மூன்றையும் ஒன்றாகக் காட்டுகிறது. 1986 அக்டோபரில் ராணுவ அதிகாரிகள் ஒருவரைச் செர்னோபில் அணு உலை விபத்துத் துப்புரவுப் பணிக்கு அழைத்தார்கள். அவர் போனார், 1987 ஜனவரி வரை அங்கே வேலை செய்தார், கதிர்வீச்சால் உடல்நலம் கெட்டது. 1991இல் இழப்பீடு உரிமை என்று ஒப்புக்கொண்ட அரசு, பணம் தரவில்லை. 1997இல் உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வென்றார். நிதி இல்லை என்று சொல்லி அப்போதும் தரவில்லை. 1998இல் ரஷ்யா ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்திருந்ததால் அவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2002 மே மாதம் தீர்ப்பு வந்தது: பணமில்லை என்பது நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றாமலிருக்கக் காரணம் ஆகாது. அந்த நீதிமன்றத்தில் ஒரு ரஷ்யக் குடிமகன் தன் அரசுக்கு எதிராகப் பெற்ற முதல் தீர்ப்பு அது. சோவியத் அரசு கேட்ட கடமையை நிறைவேற்றிய மனிதருக்கு, அந்த அரசு வாக்களித்த சமூக உரிமை, மேலை மரபில் பிறந்த நீதிமன்றத்தின் வழியாகத்தான் கைக்கு வந்தது.

2022 செப்டம்பர் 16 அன்று ரஷ்யா அந்த ஒப்பந்தத்தின் உறுப்பு நாடாக இருப்பது முடிந்தது. அந்த நாளுக்குப் பிறகு நடக்கும் மீறல்களுக்காக ரஷ்யக் குடிமக்கள் ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் போக முடியாது.